டூ இன் ஒன் வந்த வழி

தமிழ்த் திரையிசையின் வரலாற்றைப் பேசுகிற எவரும் 1976இல் கொஞ்சம் நின்றுவிட்டுத்தான் போவார்கள். 'அன்னக்கிளி' வெளிவந்த வருடம். அதற்கு முன், அதற்குப் பின் என்று காலத்தை இரண்டாகப் பிரித்துப் பேச நமக்குப் பழகிவிட்டது. எனக்கும் அதில் சண்டை இல்லை. ஆனால் அந்தப் பாடல்களை ஜனங்கள் எதில் கேட்டார்கள் என்ற கேள்வியை நாம் அதிகம் கேட்டதில்லை.

ரேடியோவில் கேட்பது ஒரு வகை. இலங்கை வானொலியோ விவித பாரதியோ போடும்போது கேட்க வேண்டும், போடாவிட்டால் காத்திருக்க வேண்டும். டீக்கடையிலும் கல்யாண வீட்டு மைக்செட்டிலும் கேட்பது இன்னொரு வகை. எந்தப் பாட்டு என்பதை அங்கே வேறு யாரோ முடிவு செய்கிறார்கள். வேண்டிய பாட்டை, வேண்டிய நேரத்தில், நிறுத்தி, திரும்பச் சுற்றி, நாலு தடவை கேட்பது மூன்றாவது வகை. கிராமபோன் வைத்திருந்த சில வசதியான வீடுகளைத் தவிர மற்ற எல்லாருக்கும் இந்த மூன்றாவது வகையைக் கொண்டுவந்தது ஒரு பெட்டி. பெரும்பாலும் ஜப்பான்காரன் செய்த பெட்டி. தமிழ்நாட்டுக்குள் அது வந்தது ஏதோ ஒரு கம்பெனியின் கண்டெய்னரில் அல்ல. கூலி வேலைக்குப் போனவர்களின் லக்கேஜில்.

டூ இன் ஒன். ரேடியோவும் டேப் ரெக்கார்டரும் சேர்ந்தது. என் வயதுக்காரர்களுக்கு அது ஷோகேஸின் நடுத்தட்டில், அம்மாவோ அத்தையோ பின்னிய உறையைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்த சாமான். நேஷனல் பானாசோனிக், சோனி, சான்யோ, ஷார்ப், அய்வா. 'ஃபாரின் செட்' என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனையும் அடங்கும். அது எங்கிருந்து, யார் கையில், என்ன சட்டத்தைத் தாண்டி வந்தது என்று தேடிப் போனபோது கிடைத்தவைதான் இந்தக் கட்டுரை.

நொடிக்கு 4.76

கேசட்டைப் பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் பெர்லின் வானொலிக் கண்காட்சியில் அறிமுகப்படுத்தியது. பெல்ஜியத்தின் ஹாசெல்ட் ஆலையில் லூ ஓட்டன்ஸ் என்ற பொறியாளரின் குழு வடிவமைத்தது. கோட் பாக்கெட்டுக்குள் போக வேண்டும் என்பதுதான் ஓட்டன்ஸ் வைத்துக்கொண்ட அளவு. அதற்காகவே ஒரு மரக்கட்டையை வெட்டிப் பாக்கெட்டில் போட்டுப் பார்த்தார் என்று சொல்வார்கள். நாடாவின் அகலம் நாலு மில்லிமீட்டருக்கும் குறைவு. ஓடும் வேகம் நொடிக்கு 4.76 செ.மீ. இசைக்கு இது போதாது என்று அப்போதைய ஒலிப் பொறியாளர்கள் சொன்னார்கள். சரிதான், போதாது. பேச்சைப் பதிவு செய்வதற்கென்று செய்த சாதனம் அது. இசை பிறகு வந்து குடியேறியது.

தொழில்நுட்பத்தைவிடப் பெரிய விஷயம் உரிமம். ஜப்பானிய நிறுவனங்கள், முக்கியமாக சோனி, பேரம் பேசிய பிறகு பிலிப்ஸ் தன் வடிவமைப்பைக் கட்டணமின்றிப் பயன்படுத்திக்கொள்ள விட்டது. ஒரே நிபந்தனை, அளவை மாற்றக் கூடாது. மென்பொருள் எழுதிப் பிழைக்கும் எனக்கு இதன் அருமை நன்றாகவே தெரியும். தரம் ஒன்று, செய்பவர்கள் ஆயிரம் பேர். ஒசாகாவில் செய்த பெட்டியில் ஹாங்காங்கில் செய்த கேசட் ஓடும். தம்மாமில் பதிந்த கேசட் பட்டுக்கோட்டையில் ஓடும். இந்த ஒரு முடிவு இல்லாவிட்டால் மேற்கொண்டு நான் சொல்லப்போகிற எதுவும் நடந்திருக்காது.

4.76 என்ற எண்ணை நம் ஊர்ப் பொருளாதாரம் படித்தவர்கள் வேறு இடத்தில் பார்த்திருப்பார்கள். 1966 ஜூனில் இந்திய ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டபோது, ஒரு டாலருக்கு 4.76 ரூபாய் என்றிருந்தது 7.50 ஆனது. இரண்டும் ஒரே எண்ணாக இருப்பது தற்செயல். ஆனால் கேசட்டின் கதையும் ரூபாயின் கதையும் சேர்ந்தே ஓடியது தற்செயல் இல்லை.

டாலர் இல்லாத நாடு

1960களின் பிற்பகுதியில் வெளிநாடு போகும் சாதாரண இந்தியர் கையில் 8 டாலருக்கு மேல் கொண்டுபோக முடியாத காலம் ஒன்று இருந்தது. அப்போது வெளியே படிக்கப் போனவர்களின் நினைவுக் குறிப்புகளில் இந்த 8 டாலர் திரும்பத் திரும்ப வரும். நாட்டிடம் இருந்த சொற்ப அந்நியச் செலாவணி கச்சா எண்ணெய்க்கும் உரத்துக்கும் இயந்திரங்களுக்கும் வேண்டியிருந்தது. டேப் ரெக்கார்டருக்கு டாலர் கொடுப்பதா என்று அரசாங்கம் கேட்டால், அந்தக் கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கதவை அடைத்தவை மூன்று. முதலாவது, 1947இன் இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுச் சட்டம். லைசென்ஸ் இல்லாமல் எதையும் உள்ளே கொண்டுவர முடியாது, வீட்டு உபயோகப் பொருளுக்கு லைசென்ஸ் கிடைக்காது. இரண்டாவது, சுங்க வரி. 1990-91இல்கூட அதன் உச்ச விகிதம் 300 சதவீதத்துக்கு மேல். மூன்றாவது, 1973இன் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம், நம் ஆட்கள் வாயில் 'ஃபெரா'. இது போதாதென்று, ரேடியோ வைத்திருப்பதற்கே ஒரு லைசென்ஸ். தபால் ஆபீசில் வருடாவருடம் பணம் கட்டி, அதற்கென்று இருந்த சின்னப் புத்தகத்தில் பதிவு செய்ய வேண்டும். 80களின் நடுவில்தான் அது ஒழிந்தது.

உள்ளூரில் டேப் ரெக்கார்டர் செய்யாமல் இல்லை. செய்தார்கள். ஆனால் உதிரிபாகத்துக்கும் அதே கதவைத் தட்ட வேண்டும். விலை அதிகம், வகை குறைவு. போட்டி இல்லாத சந்தையில் என்ன நடக்குமோ அது நடந்தது.

மூன்று கதவையும் அடைத்தவர்கள் ஒரு ஜன்னலைத் திறந்து வைத்தார்கள். 1962 சுங்கச் சட்டத்தின் பதினொன்றாவது அத்தியாயம், பயணிகளின் லக்கேஜ் பற்றியது. அதில் 77ஆவது பிரிவின்படி, கொண்டுவந்ததைப் பயணி அதிகாரியிடம் சொல்ல வேண்டும். 79ஆவது பிரிவின்படி, பயணி குறிப்பிட்ட காலம் பயன்படுத்திய பொருள் என்று அதிகாரி திருப்தியடைந்தால் வரியில்லாமல் விடலாம். அல்லது தன் உபயோகத்துக்கு, குடும்பத்துக்கு, நேர்மையான அன்பளிப்பாகக் கொண்டுவந்தது என்றால், விதிகளில் சொன்ன மதிப்புக்குள் விடலாம். வரி கட்ட வழியில்லாதவர், பொருளைச் சுங்கத்திடமே விட்டுவைத்துத் திரும்பிப் போகும்போது வாங்கிக்கொள்ள 80ஆவது பிரிவு.

தமிழ்நாட்டின் ஃபாரின் செட்டுகளில் பெரும்பகுதி இந்த ஜன்னல் வழியாகத்தான் வந்தது. கவனிக்க வேண்டியது, 'அதிகாரி திருப்தியடைந்தால்' என்ற சொல். பெட்டி பழையதா புதியதா, அன்பளிப்பா வியாபாரமா என்பதை எதிரே நிற்கிறவரின் முகத்தையும் சட்டையையும் பார்த்துத்தான் அவர் முடிவுசெய்ய முடியும். இங்கிலீஷ் பேசும் டாக்டரின் டூ இன் ஒன்னும், வெல்டரின் டூ இன் ஒன்னும் சட்டத்தின் முன் ஒன்று. கவுண்ட்டர் முன் ஒன்றாக இருந்ததா என்று அந்த வரிசையில் நின்றவர்களைத்தான் கேட்க வேண்டும்.

கப்பல், குருவி, பஜார்

வளைகுடாவுக்கு முன்பே இந்த வழி போட்டாகிவிட்டது. சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, சிங்கப்பூர் என்று 'ரஜூலா' கப்பல் 1926 முதல் சுமார் அரை நூற்றாண்டு ஓடியது. அதன் பிறகு 'சிதம்பரம்'. 1985 பிப்ரவரியில் நடுக்கடலில் தீப்பிடித்துப் பலர் இறந்ததோடு அந்தக் கப்பலின் காலமும் முடிந்தது. தஞ்சாவூர், புதுக்கோட்டை, ராமநாதபுரம் பக்கத்துக் குடும்பங்களுக்குச் சிங்கப்பூர் என்பது அடுத்த தாலுகா மாதிரி. சிங்கப்பூரோ வரியில்லாத் துறைமுகம். ஜப்பானிலிருந்து வந்த பெட்டி அங்கே கிட்டத்தட்ட ஜப்பான் விலையிலேயே கிடைத்தது. 1971இல் சிறிய துணிக்கடையாகத் தொடங்கி, பிற்பாடு எல்லாம் விற்கும் மாபெரும் அங்காடியான முஸ்தபா செண்டரின் வளர்ச்சியை, ஊருக்குப் போகும் இந்தியர்களின் லக்கேஜ் இல்லாமல் யோசிக்கவே முடியாது.

இங்கே ஒரு தொழில் உருவானது. சென்னையில் ஒரு வியாபாரி டிக்கெட் எடுத்துக் கொடுப்பார். போகும்போது துணிமணி, சாமான். வரும்போது எலக்ட்ரானிக்ஸ். பயணியின் சலுகை எவ்வளவோ அவ்வளவும் வியாபாரியின் பொருள். பயணிக்கு டிக்கெட்டும் கொஞ்சம் காசும் மிச்சம். கொத்திக்கொண்டு வந்து கூட்டில் போட்டுவிட்டு மறுபடி பறப்பதால் இவர்களுக்கு 'குருவி' என்று பேர். 2008இல் விஜய் நடித்து இந்தப் பெயரிலேயே படமும் வந்தது.

எனக்கு இதைப் பார்த்தால் நெட்வொர்க் பாடம் ஞாபகம் வரும். பெரிய ஃபைலை அப்படியே அனுப்ப முடியாது. சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக உடைத்து, ஒவ்வொன்றையும் தனித்தனியே அனுப்பி, மறுமுனையில் ஒன்றுசேர்ப்பார்கள். சட்டம் ஆளுக்கு இவ்வளவு என்று சொன்னது. அதனால் சரக்கு ஆள் ஆளாகப் பிரிந்து வந்தது. மறுமுனையில் அதை ஒன்றுசேர்த்த இடம் பர்மா பஜார்.

1962இல் நே வின் பர்மாவில் ஆட்சியைப் பிடித்தார். அடுத்த இரண்டு வருடத்தில் கடைகளும் வங்கிகளும் தேசியமயமாயின. 1964 மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாது என்றார்கள். தலைமுறைகளாக ரங்கூனில் கடை வைத்திருந்த தமிழர்கள், சேர்த்த பணத்தையும் நகையையும் விட்டுவிட்டுக் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் இறங்கினார்கள். 60களின் கடைசியில், அதே துறைமுகத்தை ஒட்டிய ராஜாஜி சாலையோரம் அவர்களுக்குப் பிழைக்க இடம் கிடைத்தது. வரிசையாகச் சின்னச் சின்னப் பெட்டிக்கடைகள். கப்பல் வரும் இடத்தில் கப்பல் சாமான்தானே விற்க முடியும்? கைக்கடிகாரம், சென்ட், கால்குலேட்டர், டேப் ரெக்கார்டர்.

இதில் ஒரு முரண் உண்டு. ஒரு நாடு இவர்களின் உடைமைகளை எல்லையில் பறித்துக்கொண்டு அனுப்பியது. வந்து சேர்ந்த நாட்டில், எல்லையில் பறிபோகாமல் தப்பி வந்த பொருட்களை விற்று இவர்கள் எழுந்தார்கள். பர்மா பஜாரைத் திருட்டுச் சாமான் சந்தை என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது சுலபம். அது அகதிகள் கட்டிய சந்தை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் கணக்கு நேராகும்.

எண்ணெய்

1973 அக்டோபருக்கும் 1974 ஜனவரிக்கும் நடுவில் கச்சா எண்ணெய் பேரல் 3 டாலரிலிருந்து 12 டாலருக்குப் பக்கத்தில் போனது. இந்தியாவின் செலாவணிக் கையிருப்பை அது அரித்தது. அதே எண்ணெய்ப் பணத்தில் வளைகுடாவில் ரோடும் துறைமுகமும் குடியிருப்பும் எழும்பின. அவற்றைக் கட்ட ஆள் வேண்டியிருந்தது. கேரளத்துக்கு அடுத்து நம் கடற்கரை மாவட்டங்களிலிருந்தும் காவிரிக் கடைமடையிலிருந்தும் ஆட்கள் போனார்கள். ஏஜென்ட்டுக்குக் கட்டப் பணம், அதற்கு வட்டி, பம்பாயில் காத்திருந்த நாட்கள். இந்தக் கதைகள் இல்லாத தெரு எங்கள் பக்கத்தில் கிடையாது.

என் தாய்மாமா 1982இல் சவுதிக்குப் போனார். ஏசி மெக்கானிக். இரண்டு வருடக் காண்ட்ராக்ட். முதல் வருடச் சம்பளம் கடனுக்குப் போனது. இரண்டாம் வருடக் கடைசியில் ஒன்றரை மாதச் சம்பளத்தைப் போட்டு ஒரு நேஷனல் பானாசோனிக் வாங்கினார். "பணமா கொண்டாந்தா ஒரு வாரத்துல கரைஞ்சிரும். பொட்டியா கொண்டாந்தா பத்து வருசத்துக்குத் தெரியும்" என்று அவர் சொல்வார். யாருக்குத் தெரியும் என்பது அதில் முக்கியம். ஊருக்குத் தெரியும்.

வாங்கும் இடங்கள் எல்லாருக்கும் மனப்பாடம். ரியாத்தில் பத்தா, துபாயில் தேரா பக்கமும் அல் ஃபாகிதி தெருவும். துபாயைப் பற்றி ஒரு வார்த்தை. 1960களில் அதன் வளர்ச்சிக்குப் பெரிய ஆதாரங்களில் ஒன்று, இந்தியாவை நோக்கிப் போன தங்கம். நம் நாடு கதவை எவ்வளவு இறுக்கமாகச் சாத்தியதோ, எதிர்க்கரையில் இருந்தவனுக்கு அவ்வளவு லாபம். எலக்ட்ரானிக்ஸ் அந்தத் தங்கத்தின் தம்பி.

ஊர் திரும்புகிறவர்களுக்குள் ஓர் அறிவு கைமாறிக்கொண்டிருந்தது. அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடு. தெர்மாக்கோலையும் போடு. பிடியில் ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் பிய். "உள்ள ஓடுன கேசட் ஒண்ணப் போட்டு வை." பில்லைத் தனியாக வை. எல்லாம் 79ஆவது பிரிவுக்கான பதில்கள்தான். அந்தப் பிரிவை அவர்களில் யாரும் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் ஒரு சட்டத்தின் ஒவ்வொரு வரியும் நடைமுறையில் என்ன கேட்கும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவுக்கு எனக்குத் தெரிந்த வக்கீல்களுக்கே தெரியாது.

ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 70களிலும் 80களிலும் இந்தியாவின் வெளிநாட்டுக் கணக்கைத் தூக்கி நிறுத்தியதில் இந்தத் தொழிலாளிகள் அனுப்பிய பணத்துக்குப் பெரிய பங்குண்டு. டாலருக்காக அவரை நம்பியிருந்த நாடு, அந்த டாலரில் அவர் தனக்கென்று வாங்கிய ஒரே பொருளை மேசையில் வைத்து உருட்டிப் பார்த்தது. சட்டப்படி அது சரி. மாமா அதைப் பற்றிக் கோபமாகப் பேசி நான் கேட்டதில்லை. "கேட்டாங்க, சொன்னேன், வுட்டாங்க" என்பதோடு சரி. ஆனால் எட்டு மணி நேரப் பயணத்தைவிட அந்தப் பத்து நிமிடத்தை அவர் அதிகம் ஞாபகம் வைத்திருந்தார்.

முதுகில் ஒரு ஸ்விட்ச்

அந்தப் பெட்டி இப்போது என்னிடம் இருக்கிறது. பின்பக்கம் ஸ்க்ரூ டிரைவரால் திருப்பும் ஒரு சின்ன ஸ்விட்ச். 110, 127, 220, 240. ஏற்றுமதிக்கென்றே செய்த மாடல்களின் அடையாளம் அது. ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். சவுதியில் அப்போது பல வீடுகளில் 127. நமக்கு 230. இதைத் திருப்பாமல் சொருகி, டிரான்ஸ்ஃபார்மர் புகைந்த கதை ஊருக்கு ஒன்றாவது இருக்கும்.

வோல்டேஜைவிட நுணுக்கமான சிக்கல் அலைவெண். சவுதியிலும் அமெரிக்காவிலும் 60 ஹெர்ட்ஸ், நமக்கு 50. டேப் ரெக்கார்டரின் மோட்டார் நேர்மின்சாரத்தில் ஓடுவதால் அதற்கு இது பொருட்டில்லை. ஆனால் அங்கிருந்து ரெக்கார்ட் ப்ளேயர் கொண்டுவந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள். பழைய ப்ளேயர்களின் மோட்டார் மின்சாரத்தின் துடிப்பையே பிடித்துக்கொண்டு ஓடும். ஆறில் ஒரு பங்கு வேகம் குறைந்தால், நிமிடத்துக்கு 33 சுற்று சுற்ற வேண்டிய தட்டு 28க்கும் கீழே வரும். சுருதி மூன்று அரைச்சுரத்துக்கு மேல் இறங்கும். சுசீலாவின் குரலை அப்படிக் கேட்டால் வேறு யாரோ பாடுவது போல இருக்கும்.

ரேடியோவில் எஃப்எம் என்று ஒரு பட்டை இருந்தது. சென்னையில் எஃப்எம் ஒலிபரப்பு 1977இலேயே வந்துவிட்டது. எங்கள் ஊரில் அந்த முள்ளை எங்கே திருப்பினாலும் 'உஸ்ஸ்' என்ற இரைச்சல் மட்டும்தான். அந்தப் பெட்டிக்குள் இருந்த ஒரு பகுதி, இந்தியாவுக்கு வந்தும் பல வருடம் வேலை இல்லாமல் சும்மா இருந்தது.

மூன்று கேசட்

இசையைப் பற்றிப் பேசுவதற்குள் குரலைப் பற்றிப் பேசிவிட வேண்டும். கேசட்டை முதலில் பேச்சுக்காகச் செய்தார்கள் என்று சொன்னேன் அல்லவா. வளைகுடாக் குடும்பங்கள் அதை அந்த முதல் நோக்கத்துக்கே திருப்பிக்கொண்டு போனார்கள். டெலிபோன் எட்டாத விலை. கடிதத்துக்கு எழுதத் தெரிய வேண்டும், அல்லது எழுதிக் கொடுக்க ஆள் வேண்டும். மனைவி புருஷனுக்குச் சொல்ல வேண்டியதைப் பக்கத்து வீட்டுப் பையனிடம் சொல்லி எழுத வைப்பதில் உள்ள சங்கடம் சின்னதில்லை. கேரளத்தில் எஸ்.ஏ. ஜமீலின் 'துபாய் கத்துப் பாட்டு' அத்தனை பேர் நெஞ்சில் தைத்ததற்குக் காரணம் அந்தப் பிரிவுதான்.

எனவே கேசட்டில் பேசி அனுப்பினார்கள். ஊருக்கு வருகிறவர், போகிறவர் கையில் கொடுத்துவிடுவார்கள். வந்த கேசட்டில் பதிலைப் பேசித் திருப்பி அனுப்புவதும் உண்டு.

இதில் எனக்குப் பிடித்த ஒரு தொழில்நுட்ப விஷயம் இருக்கிறது. ஒரு பெட்டியில் பதிந்த கேசட்டை இன்னொரு பெட்டியில் போட்டால் ஒலி மங்கும். நாடாவைத் தொடும் ஹெட் ஒவ்வொரு பெட்டியிலும் மயிரிழை சாய்ந்திருக்கும், இரண்டு சாய்வும் ஒத்துப்போகாது. மேல்ஸ்தாயி ஒலிகள்தான் முதலில் அடிபடும். நொடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஒரு அலை, நாடாவில் ஒரு மில்லிமீட்டரில் இருநூறில் ஒரு பங்கைவிடக் குறைவான இடத்தில் எழுதப்படுகிறது. அதனால் ஜால்ரா போய்விடும், வயலினின் ஓரம் போய்விடும். மனிதப் பேச்சு பெரும்பாலும் 4,000 ஹெர்ட்ஸுக்குள் அடங்கிவிடுவதால் அது பிழைத்துக்கொள்ளும். தம்மாமில் ஒரு ஹெட், பட்டுக்கோட்டையில் ஒரு ஹெட், நடுவே பாலைவன வெயிலில் காய்ந்த நாடா. இத்தனைக்கும் பிறகு பேசியது புரியும்.

என்னுடைய அம்மாயி மாமாவுக்கு அனுப்பவென்று மூன்று கேசட் வீட்டில் இருந்திருக்கிறது. எதுவும் முழுதாக மிஞ்சவில்லை. கேசட் விலையுள்ள பொருள். பேசி முடித்து, கேட்டு முடித்த பிறகு அதை ரெக்கார்டிங் சென்டருக்குக் கொடுத்துப் பாட்டுப் பதிந்துகொள்வதுதான் வழக்கம். இரண்டு கேசட் முழுக்க இளையராஜா. மூன்றாவதில் நாகூர் ஹனிபா. அதன் பி பக்கத்தில் பாட்டு முடிந்ததும் நாடா இன்னும் நாற்பது நொடி ஓடுகிறது. பதிவுக்காரர் நிறுத்திவிட்ட இடத்துக்கு அப்பால், அழியாமல் மிஞ்சிய அம்மாயி: "...கொல்லையில செவலை கன்னு போட்டிருக்கு. கெடேரிதான். நீ வர்றப்ப பால் கறக்கும். வயித்துக்குச் சாப்புடு. அவ்ளோதான்டா, வேற என்ன பேசறது, இதப் பாத்துப் பேச ஒரு மாரியா இருக்கு..." அப்புறம் யாரோ பட்டனை அமுக்கும் சத்தம்.

அம்மாயி 1991இல் இறந்தார். போட்டோ இரண்டு இருக்கிறது. குரல் என்று இந்த நாற்பது நொடிதான்.

பாட்டுப் பதிந்த கடை

வந்த பெட்டிகளுக்குத் தீனி வேண்டுமே. கடைவீதிக்குக் கடைவீதி ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. வெள்ளைத்தாளில் பாட்டுகளின் பட்டியல், கூடவே டிடிகே அல்லது மேக்ஸெல் கேசட். அறுபது நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு ஆறேழு பாட்டு. எந்தப் பாட்டை எதற்குப் பிறகு போடுவது என்பதில் கடைக்காரரின் ரசனை இருந்தது. சோகப் பாட்டு, காதல் பாட்டு, 'எஸ்.பி.பி. ஹிட்ஸ்' என்ற வகைமைகள் பாதி இந்தக் கடைகளில் பிறந்தவை. ஒரு பாடலைப் படத்திலிருந்து பிரித்தெடுத்து, மனநிலையோடு சேர்த்துவைத்த வேலை இது. இன்று ப்ளேலிஸ்ட் என்கிறோம்.

சட்டப்படி இதெல்லாம் திருட்டு. 1984இல் காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தித் தண்டனையைக் கடுமையாக்கினார்கள். கடைகள் அதற்காக நின்றுவிடவில்லை. பாடலாசிரியருக்கும் இசைக்கலைஞருக்கும் போக வேண்டிய காசு போகவில்லை என்பது உண்மை. கேட்கும் கூட்டத்தைப் பல மடங்கு பெருக்கியதும் அதே கடைகள்தான். இரண்டையும் ஒரே தராசில் வைக்க எனக்குத் தெரியவில்லை.

வட இந்தியாவில் நடந்ததைப் பீட்டர் மேனுவல் 1993இல் வெளிவந்த 'கேசட் கல்ச்சர்' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். எச்எம்வியின் ஏகபோகத்தைக் கேசட் உடைத்ததும், போஜ்புரி, பஞ்சாபி என்று வட்டார இசைகள் மேலே வந்ததும் அதில் இருக்கின்றன. வளைகுடாவிலிருந்து திரும்பியவர்கள் கொண்டுவந்த பெட்டிகளைப் பற்றியும் அவர் பேசுகிறார். தமிழுக்கு அப்படி ஒரு புத்தகம் வர வேண்டும். நாட்டுப்புறப் பாட்டு, தெருக்கூத்து, கட்சிக் கூட்டப் பேச்சு, பிரசங்கம், கிராமத்து ஒப்பாரி என்று கேசட்டில் ஏறாதது எதுவும் இல்லை.

ஜன்னல் தேவைப்படாத காலம்

1990 ஆகஸ்ட் 2இல் ஈராக் குவைத்துக்குள் நுழைந்தது. அங்கிருந்த இந்தியர்கள் சுமார் 1,70,000 பேர் பெரும்பாலும் ஜோர்டானின் அம்மான் வழியாக விமானத்தில் அழைத்து வரப்பட்டார்கள். பெட்டியில்லாமல் ஊர் திரும்பிய முதல் கூட்டம் அது. எங்கள் தெருவில் இரண்டு பேர் அப்படி வந்தார்கள். கட்டியிருந்த துணியும் பாஸ்போர்ட்டும்தான். அந்த வருடம் யாரும் அவர்களிடம் "எனக்கு என்ன கொண்டாந்தே" என்று கேட்கவில்லை என்று அம்மா சொல்வார்.

அந்தப் போரில் ஏறிய எண்ணெய் விலையும் நின்றுபோன பணவரவும் சேர்ந்து இந்தியாவின் கையிருப்பைக் காலி செய்தன. தங்கத்தை அடகு வைத்தார்கள். 1991 ஜூலை பட்ஜெட்டில் மன்மோகன் சிங் சுங்க வரியின் உச்சத்தை 150 சதவீதமாக்கினார். பிறகு வருடாவருடம் இறங்கியது. ஜப்பானிய, கொரிய நிறுவனங்கள் இங்கேயே கடை திறந்தன. 90களின் கடைசியில் அதே பெயர் பொறித்த பெட்டி தவணையில் கிடைத்தது. ஃபாரின் செட் என்ற சொல்லுக்குள் இருந்த காற்று இறங்கிப்போனது.

ஜன்னல் மட்டும் இன்னும் இருக்கிறது. 2013இல் டாலர் 68 ரூபாய்க்குப் போன அதே ஆகஸ்ட் மாதம், பயணிகள் கொண்டுவரும் தட்டைத் திரை டிவிகளுக்குச் சலுகையை ரத்து செய்து 36.05 சதவீத வரி போட்டார்கள். 2016 விதிகளில் பொதுச் சலுகை 50,000 ரூபாய் ஆனது. 2018இல் அதற்கு மேற்பட்டவைக்கு 38.5 சதவீதம் என்றானது. ரூபாய் சரியும்போதெல்லாம் அரசாங்கத்தின் கண் பயணியின் பெட்டி மேல் விழுவது 1966இலிருந்து மாறாத பழக்கம். நானும் அலுவலக வேலையாக வெளியே போய்விட்டு ஹெட்ஃபோனும் சின்ன ஆம்ப்ளிஃபயரும் வாங்கி வந்திருக்கிறேன். யாரும் நிறுத்தவில்லை. என் கழுத்தில் தொங்கிய கம்பெனி அடையாள அட்டைக்கும் அதற்கும் சம்பந்தம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

பெட்டிகள் பெரும்பாலும் எடைக்குப் போய்விட்டன. ஓடாதவற்றுக்கு வழி இருக்கிறது. உள்ளே ரப்பர் பெல்ட் தார் மாதிரி உருகியிருக்கும், அதைத் துடைத்துவிட்டுப் புதிது போடலாம். சென்னை ரிச்சி தெருவில் கேட்டால் கிடைக்கும். கேசட்டுகள் அப்படியல்ல. நாடாவில் பூசிய காந்தத்தூளைப் பிடித்திருக்கும் பசை ஈரத்திலும் வெயிலிலும் வருடாவருடம் விட்டுப்போகிறது. பரணில் கிடக்கும் கேசட்டில் என்ன இருக்கிறதோ, அது குறைந்துகொண்டே இருக்கிறது.

அதனால் ஊருக்குப் போகும்போது அந்த அட்டைப்பெட்டியை இறக்கிப் பாருங்கள். மேலே 'ராஜா ஹிட்ஸ் பாகம் 3' என்று எழுதியிருந்தாலும் தூக்கிப் போடாதீர்கள். ஹெட் பக்கத்தில் ஒரு சின்னத் திருகாணி இருக்கும். ஒலி தெளியும் வரை அதை மெல்லத் திருப்புங்கள். பாட்டு முடிந்ததும் நிறுத்திவிட வேண்டாம். நாடா தீரும் வரை ஓட விடுங்கள்.